ஒன்பதாம் வகுப்பு: பிரம்பும் இல்லை, நட்சத்திர அட்டையும் எடுபடவில்லை, அடுத்து என்ன செய்யலாம்?

கேள்வி
பதிவிட்டவர்: சாக்பீஸ்தூள்

அனைவருக்கும் வணக்கம். அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் சமூக அறிவியல் ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். இவ்வாண்டு ஒன்பதாம் வகுப்பு ‘ஆ’ பிரிவின் வகுப்பாசிரியர் பொறுப்பும் என்னிடம் தரப்பட்டுள்ளது. வகுப்பில் 46 பேர் இருக்கிறார்கள். பணியில் சேர்ந்த நாளிலிருந்தே பிரம்பு எடுக்கும் வழக்கம் எனக்கு இல்லை. ஆனால் பிரம்பு இருந்த இடத்தில் வேறு எதை வைப்பது என்பதை எந்தப் பயிற்சியிலும் எனக்கு யாரும் தெளிவாகச் சொல்லித்தரவில்லை. ‘அன்பாக நடத்துங்கள்’ என்று மட்டும் சொன்னார்கள். அன்பாகத்தான் நடத்துகிறேன். மதிய உணவு முடிந்து ஐந்தாம் பாடவேளை தொடங்கும்போது அந்த அன்பு மூன்றாவது பெஞ்சைத் தாண்டிக் கேட்பதில்லை.

இதுவரை இரண்டு வழிகளை முயன்று பார்த்தேன். முதலாவது, நாம் எல்லோரும் படித்த காலத்திலிருந்து தொடரும் வழி: ஆசிரியர் இல்லாத நேரத்தில் வகுப்புத் தலைவன் கரும்பலகையின் ஓரத்தில் ‘பேசியவர்கள்’ என்று தலைப்பிட்டுப் பெயர்களை எழுதுவான், மீண்டும் பேசினால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி விழும். நான் உள்ளே நுழையும்போது அந்தப் பட்டியலில் எப்போதும் அதே எட்டுப் பெயர்கள்தான் இருக்கும். தலைவனின் நண்பர்கள் ஒருவர் பெயரும் அதில் ஒருநாளும் இருந்ததில்லை என்பதைக் கவனிக்க எனக்கு ஒரு மாதம் பிடித்தது.

இரண்டாவதாக, சார்ட் தாளில் 46 பெயர்களையும் எழுதிக் கதவருகே மாட்டி, நல்ல நடத்தைக்கு ஒவ்வொரு நட்சத்திர ஸ்டிக்கர் ஒட்டத் தொடங்கினேன். முதல் இரண்டு வாரங்கள் வகுப்பு என்னையே வியக்க வைத்தது. மூன்றாவது வாரத்தில், ‘மிஸ், போர்டு அழிச்சா ஸ்டார் உண்டா?’ என்று கேட்டுவிட்டுத்தான் டஸ்டரைக் கையில் எடுத்தார்கள். நான்காவது வாரத்தில் சிலருடைய பெயருக்கு எதிரே நான் ஒட்டாத நட்சத்திரங்களும் முளைத்திருந்தன. அதே ஸ்டிக்கர் பள்ளி வாசல் கடையில் ஐந்து ரூபாய்க்குக் கிடைக்கிறது என்பதை யோசிக்காதது என் பிழைதான்.

இவை எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது வேறொன்று. இரண்டு மாணவர்களின் பெயருக்கு எதிரே கடைசி நாள் வரை ஒரு நட்சத்திரம்கூட விழவில்லை. ஒருவன் பாடம் நடக்கும்போது எதையாவது கீழே போட்டோ, பக்கத்தில் இருப்பவனைச் சீண்டியோ வகுப்பைக் கலைத்துவிடுவான். மற்றவன் பேசுவதே குறைவு; ஆனால் எதற்கும் எழுந்திருக்க மாட்டான், கேட்டால் முறைப்பான், திடீரென்று சண்டையில் இருப்பான். அந்த வெற்றுக் கட்டங்களை 46 பேரும் தினமும் பார்த்துக்கொண்டே உள்ளே வந்தார்கள் என்பதை நினைத்தபோது அட்டையைக் கழற்றிவிட்டேன். தண்டனைக்கும் ஸ்டிக்கருக்கும் அப்பால், வகுப்பில் நல்ல நடத்தையை வளர்க்க உண்மையில் பயன்பட்ட வழி ஏதேனும் உங்கள் அனுபவத்தில் இருந்தால் பகிர வேண்டுகிறேன்.

---

பதில் 1
பதிவிட்டவர்: பழைய மணியடி (ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்)

டீச்சர், அட்டையைக் கழற்றியது சரியான முடிவு. அதை இவ்வளவு வெளிப்படையாக எழுதியதும் நல்லது. என் காலத்தில் இப்படிக் கேட்க எங்களுக்குத் துணிவு இருந்ததில்லை. நானும் பிரம்போடு பணியைத் தொடங்கியவன்தான். தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டிலேயே கல்வி விதிகளைத் திருத்தி உடல் தண்டனையை நீக்கிவிட்டார்கள். 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு, அடியோடு சேர்த்து மன உளைச்சல் தருவதையும் தடை செய்தது. அந்த இரண்டாவது பாதியைப் பலர் படிப்பதே இல்லை. பெயரைக் கரும்பலகையில் எழுதிப் பெருக்கல் குறி போடுவது எந்தப் பக்கத்தில் சேரும் என்று நீங்களே யோசியுங்கள்.

நான் சொல்ல விரும்புவது ஒரே ஒரு வேலை. நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்து நான்கு பத்திகள் போடுங்கள்: மணி என்ன, இடம் எது, அதற்குச் சற்று முன்பு என்ன நடந்துகொண்டிருந்தது, அதன் பிறகு என்ன நடந்தது. ‘யார்’ என்ற பத்தி வேண்டாம். அது உங்களுக்கு ஏற்கெனவே மனப்பாடம். இரண்டு வாரம் எழுதுங்கள். அதுவரை புதிய திட்டம் எதையும் தொடங்காதீர்கள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நான் தலைமையாசிரியராக இருந்த ஒரு பள்ளியில் மதிய நேரத்தில் அன்றாடம் சண்டை நடக்கும். எட்டாம் வகுப்புப் பையன்கள் கெட்டுப்போய்விட்டார்கள் என்பது ஆசிரியர் அறையின் ஒருமித்த தீர்ப்பு. உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் மட்டும், ‘சார், சண்டை எல்லாம் குழாயடியில்தான் நடக்குது’ என்றார். எழுதிப் பார்த்தோம். ஏறக்குறைய எல்லாமே 12.40-க்கும் 1.00 மணிக்கும் இடையில், கை கழுவும் குழாய்களுக்கு முன்னால் நடந்தவை. குழாய்கள் ஆறு, தண்ணீர் வந்தவை மூன்று. சுமார் ஐந்நூறு பிள்ளைகள் சாப்பிட்ட தட்டோடு ஒரே மணியில் அங்கே வந்து நின்றால், எட்டாம் வகுப்பு என்ன, பதினோரு தலைமையாசிரியர்கள் நின்றாலும் தள்ளுமுள்ளு வரத்தான் செய்யும். பெற்றோர் ஆசிரியர் கழகத்திடம் சொல்லி மூன்று குழாய்களைச் சரிசெய்தோம். ஏழாம் வகுப்பு வரை உள்ளவர்களை ஐந்து நிமிடம் முன்னதாக விட்டோம். குழாயடிச் சண்டை பெரும்பாலும் அடங்கியது. பொய் சொல்ல விரும்பவில்லை: அவற்றில் சில சைக்கிள் நிறுத்தும் இடத்துக்கு இடம் மாறின. ஆனால் அவை எண்ணிக்கையில் குறைவு; யார் எதற்குச் சண்டை போடுகிறார்கள் என்று உட்கார்ந்து பேசும் அளவுக்கு எங்களுக்கு நேரமும் கிடைத்தது.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ‘ஒழுக்கம் வேண்டும்’ என்று ஆண்டு முழுவதும் பேசியிருந்தேன். தட்டைக் கழுவிய பிறகு ஈரக் கையோடு எந்த வழியாக வகுப்புக்குத் திரும்புவது, நோட்டை எடுத்து வைப்பது எப்போது, ஆசிரியர் வரும்வரை என்ன செய்துகொண்டிருப்பது என்பதை ஒருநாளும் செய்து காட்டியதில்லை. உங்கள் ஐந்தாம் பாடவேளைக்கு இதையே சொல்வேன். மூன்று நாள், பத்து பத்து நிமிடம், வகுப்புக்குள் வருவதையே ஒரு பாடமாக நடத்துங்கள். வாசலில் நில்லுங்கள், உள்ளே வருகிறவனைப் பெயர் சொல்லி அழையுங்கள், உட்கார்ந்ததும் செய்வதற்குச் சிறிய வேலை ஒன்றைக் கரும்பலகையில் முன்பே எழுதி வைத்திருங்கள். ஒன்பதாம் வகுப்புக்கு இதெல்லாம் சிறுபிள்ளைத்தனம் என்று தோன்றலாம். என்.சி.சி.-யில் வரிசையில் நிற்பதை எத்தனை வயதில் எத்தனை முறை பழக்குகிறார்கள் என்று பாருங்கள்.

---

பதில் 2
பதிவிட்டவர்: நிழல்மரம் (பள்ளி உளவியல் ஆலோசகர்)

பழைய மணியடி ஐயா சொன்ன நான்கு பத்தி நோட்டுதான் எங்கள் துறையிலும் முதல் படி. ஒரு நடத்தைக்கு முன்னால் என்ன நடந்தது, பின்னால் அந்தப் பிள்ளைக்கு என்ன கிடைத்தது என்று பார்ப்பது. பெரும்பாலான தொல்லைகள் ஏதாவது ஒன்றைப் பெறுவதற்காகவோ, ஏதாவது ஒன்றிலிருந்து தப்புவதற்காகவோ நடக்கின்றன. இவற்றில் தப்புவதற்கானது எது என்பதை நாம் அடிக்கடி கவனிக்கத் தவறுகிறோம். குறும்பு செய்தவனை வகுப்புக்கு வெளியே நிறுத்துகிறோம். அவனுக்கு வேண்டியதே வெளியே போவதுதான் என்றால், நாம் தந்தது தண்டனையா, கூலியா?

நட்சத்திர அட்டை ஏன் நொடித்தது என்பதற்கு ஆய்வுலகில் பழைய விளக்கம் ஒன்று உண்டு. 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று அமெரிக்க உளவியலாளர்கள், படம் வரைவதில் ஏற்கெனவே ஆர்வமுள்ள மழலைப் பள்ளிக் குழந்தைகளை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். வரைந்தால் தங்க முத்திரையும் நாடாவும் கொண்ட சான்றிதழ் உண்டு என்று ஒரு குழுவிடம் முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு குழுவுக்குச் சொல்லாமல் திடீரென்று கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு எதுவும் இல்லை. சில நாள் கழித்து, பரிசு ஏதும் இல்லாத சாதாரண விளையாட்டு நேரத்தில் பார்த்தபோது, முன்கூட்டியே பேரம் பேசப்பட்ட குழந்தைகள் வரைவதில் செலவிட்ட நேரம் மற்ற இரு குழுக்களின் நேரத்தில் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. திடீரென்று பெற்றவர்களுக்கு அந்தச் சரிவு இல்லை. உங்கள் வகுப்பில் டஸ்டர் எடுக்கும் முன் கேட்கப்பட்ட கேள்வியும் இதே ரகம்தான். எனவே பரிசே கூடாது என்று நான் சொல்லவில்லை. ‘செய்தால் தருவேன்’ என்ற பேரம் வேண்டாம், செய்ததைக் கண்ட பிறகு பாராட்டுங்கள்.

அந்தப் பாராட்டும் ‘வெரி குட்’ என்று முடிந்துவிடக் கூடாது. நம் பள்ளிகளில் ‘வெரி குட்’ என்பது மூச்சு விடுவதைப் போல ஆகிவிட்டது. பிள்ளை அதைக் கேட்பதே இல்லை. ‘மேப் வரையும்போது உன் பென்சிலைப் பக்கத்தில் இருந்தவனுக்குக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தாய், பார்த்தேன்’ என்று கண்டதைக் கண்டபடி சொல்லுங்கள். பதின்ம வயதுப் பையனிடம் இதை வகுப்புக்கு முன் உரக்கச் சொல்லாமல், நோட்டு திருத்திக் கொடுக்கும்போது தாழ்ந்த குரலில் சொல்லுங்கள். ஒன்பதாம் வகுப்பில் மிஸ்ஸிடம் நல்ல பெயர் வாங்குவது சிலருக்குக் கூட்டாளிகளிடையே அவமானம்.

குழுவாகப் புள்ளி கொடுப்பதைப் பற்றியும் சிலர் உங்களிடம் சொல்லக்கூடும் என்பதால் இதையும் எழுதுகிறேன். 1969-இல் கன்சாஸ் மாநிலத்தின் ஒரு நான்காம் வகுப்பில் நடத்தப்பட்ட ‘நல்ல நடத்தை விளையாட்டு’ இன்றும் பல நாடுகளில் பின்பற்றப்படுகிறது. வகுப்பை இரண்டு அணிகளாகப் பிரித்து, விதியை மீறினால் அணிக்கு ஒரு குறி போட்டார்கள்; குறைந்த குறி பெற்ற அணிக்குச் சிறு சலுகைகள் கிடைத்தன; ஒரு குறிப்பிட்ட எண்ணிக்கைக்குள் நின்றால் இரு அணிகளுமே வெல்லலாம். இரைச்சலும் இடம்விட்டு எழுவதும் வெகுவாகக் குறைந்தன. ஆனால் ஒரு அணியில் இருந்த இரண்டு பிள்ளைகள், இனி நாங்கள் விளையாட மாட்டோம் என்று அறிவித்துவிட்டு விதிகளை மீறிக்கொண்டே இருந்தார்கள். அவர்களால் மற்றவர்கள் தோற்கக் கூடாது என்று அவர்களை அணியிலிருந்து பிரித்துவிட வேண்டியிருந்தது. உங்கள் கடிதத்தில் இரண்டு வெற்றுக் கட்டங்களைப் பற்றிப் படித்ததும் எனக்கு அந்தக் கட்டுரைதான் நினைவுக்கு வந்தது. வகுப்பு முழுமைக்கும் செய்கிற எந்த ஏற்பாடும் பெரும்பாலோரைச் சரிப்படுத்தும். சிலருக்கு அது போதாது. அதை அந்தச் சிலருடைய திமிர் என்று படிக்காமல், தனியாகக் கவனிக்க வேண்டியவர்கள் யார் என்பதற்கான அடையாளமாகப் படிப்பது நம் வேலையை எளிதாக்கும்.

நம் அரசுப் பள்ளிகளில் 2024 நவம்பரில் தொடங்கிய ‘மகிழ் முற்றம்’ என்ற மாணவர் குழு அமைப்பின் குழுக்களை (குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை) நான் விரும்புவதற்குக் காரணம், ஆறாம் வகுப்புப் பிள்ளையும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையும் ஒரே குழுவில் இருப்பார்கள் என்பதுதான். உங்களுடைய முறைக்கும் பையனைச் சின்னப் பிள்ளைகளுக்கு நடுவே ஒரு பொறுப்பில் வைத்துப் பாருங்கள். ஓரளவு பெரியவனாக நடந்துகொள்ள அவனுக்கு ஒரு சாக்கு வேண்டும்.

---

பதில் 3
பதிவிட்டவர்: வடக்குத்தெரு

நான் ஆசிரியை இல்லை. பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர் உறுப்பினராக இருக்கும் ஒரு தாய். உங்கள் கடிதத்தில் கடைசிப் பத்தியைப் படித்தபோது, வெற்றுக் கட்டத்துக்குச் சொந்தக்காரனான பிள்ளையின் அம்மா நான்தான் என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

என் மூத்தவன் எட்டாம் வகுப்பு படித்தபோது, அவனுடைய பள்ளியின் எண் கைப்பேசியில் தெரிந்தாலே என் கை நடுங்கும். அந்த ஓராண்டில் என்னைப் பதினோரு முறை அழைத்தார்கள். பதினோரு முறையும் புகார்தான். வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டுப் போய் நிற்பேன். அவனையும் கூப்பிட்டு, என் முன்னாலேயே, மற்ற ஆசிரியர்களும் கேட்கும்படி வரிசையாகச் சொல்வார்கள். நானும் அவர்கள் மனம் குளிர்வதற்காக அங்கேயே இரண்டு அடி வைப்பேன். சட்டம் ஆசிரியரின் கையைத்தான் கட்டியது டீச்சர். என் கையைப் பள்ளிக்கூடமே கேட்டு வாங்கிக்கொண்டது. வீட்டுக்கு வரும் வழியில் நாங்கள் இருவரும் பேசிக்கொள்ள மாட்டோம். அவன் திருந்தினானா என்றால் இல்லை. பள்ளியில் நடப்பதை வீட்டில் சொல்வதை மட்டும் நிறுத்தினான்.

ஒன்பதாம் வகுப்பில் புதிதாக வந்த கணக்கு ஆசிரியர் ஒருநாள் அழைத்தார். வழக்கம்போல், ‘என்ன சார் செஞ்சான்?’ என்றுதான் கேட்டேன். ‘ஒண்ணுமில்லம்மா, இன்னைக்கு வடிவியல் படம் அழகா வரைஞ்சான், உங்ககிட்ட சொல்லணும்னு தோணுச்சு’ என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. அன்றைக்கு இரவு அவனுக்குப் பிடித்த முட்டைக் குழம்பு வைத்தேன். எதற்கென்று அவன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அதன் பிறகும் அவனைப் பற்றிப் புகார் வந்ததுண்டு. ஆனால் அந்த ஆசிரியர் சொன்ன புகாரை மட்டும் நாங்கள் இருவரும் உட்கார்ந்து பேசினோம்.

எனவே என் வேண்டுகோள்: அந்த இரண்டு பிள்ளைகளின் வீட்டுக்கும், புகார் ஏதும் இல்லாத ஒரு நாளில், ஒருமுறை பேசுங்கள்.

---

பதில் 4
பதிவிட்டவர்: தென்காற்று

எல்லோரும் அழகாக எழுதியிருக்கிறீர்கள். நானும் அரசுப் பள்ளி ஆசிரியன்தான். கொஞ்சம் கசப்பான பக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும். ஒரு பாடவேளைக்கு நாற்பது நிமிடம். அதில் வருகைப் பதிவு, மாணவர் விவரங்களைப் பதிவேற்றும் எமிஸ் செயலி, பாடத்திட்டம், தேர்வு. நான்கு பத்தி நோட்டை எழுத எந்தக் கை மிச்சம் இருக்கிறது? பெரிய வகுப்பில் கண்டித்தால், ‘உன்னை வெளியே பார்த்துக்கிறேன்’ என்று சொல்கிற பையனும் இருக்கிறான். அவனிடம் தாழ்ந்த குரலில் பாராட்டு சொல்லிப் பாருங்கள் என்று சொல்வது எனக்குச் சிரிப்பைத் தருகிறது.

மேலும், எல்லாத் தொல்லையும் குழாயடியில் பிறப்பதில்லை. 2023 ஆகஸ்டில் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் சாதிப் பகையால் ஒரு மாணவனை அவன் வீட்டிலேயே புகுந்து வெட்டியவர்கள் உடன் படித்த மாணவர்கள். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அளித்த அறிக்கையில், சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைத் தடுப்பது, பிள்ளைகளை அகர வரிசைப்படி அமர வைப்பது என்றெல்லாம் பரிந்துரைக்க வேண்டிய நிலை இருந்தது. கையில் கயிறு கட்டி வருகிறவனுக்கு அதை ஊரில் கட்டிவிட்டவர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் எந்த நட்சத்திரம் செல்லும்?

---

பதில் 5
பதிவிட்டவர்: பழைய மணியடி

தென்காற்று சாருக்கு: உங்கள் கோபம் நியாயமானது. மிரட்டல், சாதி, போதைப்பொருள், பாலியல் சீண்டல் என்று வரும்போது வகுப்பாசிரியர் தனியாக நின்று நல்லவராக நடிக்கக் கூடாது. எழுத்துப்பூர்வமாகத் தலைமையாசிரியரிடம் தந்துவிட வேண்டும். பிள்ளைகளுக்கு 1098 (குழந்தைகள் உதவி எண்), 14417 (பள்ளிக் கல்வித் துறை உதவி எண்) ஆகிய எண்கள் இருப்பதைச் சுவரில் எழுதினால் மட்டும் போதாது, எதற்கெல்லாம் அழைக்கலாம் என்று சொல்லித்தர வேண்டும். ஆனால் டீச்சர் கேட்டிருப்பது பாடத்தின் நடுவே எதையாவது கீழே போடும் பையனைப் பற்றி. கத்தியோடு வருகிறவனுக்கான ஏற்பாடு இல்லை என்பதற்காக எதையாவது கீழே போடுகிறவனையும் அதே தட்டில் வைத்து நிறுக்க வேண்டியதில்லை.

நீங்கள் குறிப்பிட்ட அகர வரிசையும் கவனிக்கத்தக்கதே. ‘யாரோடு வேண்டுமானாலும் உட்கார்’ என்று விட்டுவிட்டால் பெஞ்சுகள் தெருவாரியாகப் பிரிந்துகொள்வதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதை மாற்ற ஊர்ப் பெரியவரிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை. வருகைப் பதிவேடு போதும்.

நோட்டுக்கு நேரம் இல்லை என்பதற்கு: ஒரு நிகழ்வுக்கு ஒரு வரி. பாடவேளை முடிந்து அடுத்த வகுப்புக்கு நடக்கும்போது எழுதுங்கள்.

---

பதில் 6
பதிவிட்டவர்: சாக்பீஸ்தூள் (கேள்வி கேட்டவர்)

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன்; தாமதத்துக்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். காலாண்டுத் தேர்வு இடையில் வந்துவிட்டது.

‘பேசியவர்கள்’ பட்டியலை நிறுத்தினேன். வகுப்புக்குள் வருவதை மூன்று நாள் பழக்கினோம். முதல் நாள் சிரித்தார்கள், இரண்டாம் நாள் நான் சிரித்தேன், மூன்றாம் நாள் யாரும் சிரிக்கவில்லை. வாசலில் நின்று பெயர் சொல்லி அழைப்பதுதான் எனக்கு மிகவும் கடினமாக இருந்தது, ஏனென்றால் மாணவிகளில் நால்வருடைய பெயரை நான் அதுவரை சரியாகத் தெரிந்து வைத்திருக்கவில்லை என்பது அப்போதுதான் வெளிப்பட்டது. அமைதியாக இருப்பவர்களை இவ்வளவு காலம் நான் ‘பிரச்சினை இல்லாதவர்கள்’ என்று மட்டுமே எண்ணியிருக்கிறேன். ஐந்தாம் பாடவேளை இப்போது முன்னைவிட ஐந்தாறு நிமிடம் முன்னதாகத் தொடங்குகிறது. அவ்வளவுதான் முன்னேற்றம்; ஆனால் எனக்கு அது பெரிது.

நோட்டைப் பற்றி எழுத வேண்டும். பதினோரு வேலை நாளில் 14 வரிகள் எழுதியிருந்தேன். அவற்றில் ஒன்பது, எதையாவது கீழே போடும் பையனைப் பற்றியவை. ‘அதற்குச் சற்று முன்பு என்ன நடந்துகொண்டிருந்தது’ என்ற பத்தியை மட்டும் மேலிருந்து கீழாகப் படித்தபோது, ஒன்பதில் ஏழு இடங்களில் ஒரே சொல் இருந்தது: வாசிப்பு. நான் பாடப் புத்தகத்தை வரிசைப்படி ஆளுக்கொரு பத்தி வாசிக்கச் சொல்வது வழக்கம். எல்லோருக்கும் வாய்ப்புக் கிடைக்கும் என்று அதை நல்ல பழக்கமாகவே கருதியிருந்தேன். அவனுடைய முறை வருவதற்கு இரண்டு பெஞ்சு இருக்கும்போது ஜியாமெட்ரி பாக்ஸ் கீழே விழுகிறது. நான் திட்டுகிறேன், அவனை எழுந்து நிற்கச் சொல்கிறேன், வாசிப்பு அவனைத் தாண்டிப் போய்விடுகிறது. நிழல்மரம் அவர்கள் ‘கூலி’ என்று எழுதியிருந்தது இதைத்தான்.

நேரடியாகக் கேட்டுச் சங்கடப்படுத்த விரும்பவில்லை. ஒருநாள் மாலை, நோட்டுகளை லேபிளில் உள்ள பெயர் பார்த்து வருகை வரிசையில் அடுக்கித் தருமாறு அவனிடம் கேட்டேன். 46 நோட்டுகளையும் பிழையில்லாமல் பிரித்தான். சற்றுத் தள்ளி நின்று கவனித்தேன். அவன் லேபிளைப் பார்க்கவே இல்லை; அட்டையின் மடிப்பு, மைக்கறை, ஓரத்தில் ஒட்டிய கிரிக்கெட் வீரரின் படம், உள்ளே இருந்த கையெழுத்தின் சாய்வு ஆகியவற்றைப் பார்த்துத்தான் யாருடையது என்று கண்டுபிடித்தான். இவ்வளவு கூர்மையான பிள்ளைக்கு எழுத்துக் கூட்டத்தான் தெரிகிறது, வாசிக்கத் தெரியவில்லை. ஒன்பது ஆண்டுகளாக அதை மறைப்பதற்கு எவ்வளவு உழைத்திருப்பான் என்று எண்ணியபோது எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

வரிசை வாசிப்பை நிறுத்திவிட்டேன். இப்போது இரண்டிரண்டு பேராக மெதுவாக வாசிக்கிறார்கள். மறுநாள் வரப்போகும் நான்கு வரியை அவனிடம் முந்தின நாளே தருகிறேன். அடிப்படை வாசிப்புக்காக நடக்கும் ‘திறன்’ வகுப்பில் அவனைக் கூடுதலாகக் கவனிப்பதாகத் தமிழாசிரியர் சொல்லியிருக்கிறார். போன வியாழக்கிழமை பாக்ஸ் மறுபடியும் விழுந்தது. அவனே குனிந்து எடுத்து வைத்துக்கொண்டான்.

மற்றவனைப் பற்றி நோட்டு எனக்கு எதுவும் சொல்லவில்லை. நேரமும் இடமும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. வடக்குத்தெரு அம்மா சொன்னபடி, ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டபோது இவன் அவனைக் குழாயடிக்கு அழைத்துப் போய்க் கழுவிவிட்டதைப் பார்த்த நாளில், அவன் அம்மாவைத் தொலைபேசியில் அழைத்தேன். நீங்கள் எழுதியது போலவே, ‘மிஸ், என்ன பண்ணிட்டான்?’ என்பதுதான் முதல் கேள்வி. நடந்ததைச் சொன்னேன். சற்று நேரம் எதுவும் பேசாமல் இருந்துவிட்டு, ‘வேற ஒண்ணும் இல்லையா மிஸ்?’ என்று இரண்டு முறை கேட்டார். மறுநாள் அவன் என்னிடம் வந்து, ‘எங்க அம்மாவுக்கு எதுக்குப் போன் பண்ணீங்க?’ என்றான். அது கோபமா, வேறெதுவுமா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. அவனோடு பேச ஆலோசகர் ஒருவரை வரவழைக்கத் தலைமையாசிரியரிடம் கடிதம் கொடுத்திருக்கிறேன். மகிழ் முற்றத்தில் சின்னப் பிள்ளைகளின் விளையாட்டுப் பொருள்களுக்கு அவனைப் பொறுப்பாக்கலாமா என்றும் கேட்டிருக்கிறேன்.

தென்காற்று சார், வருகைப் பதிவேட்டு வரிசையில் உட்கார வைத்ததற்கு முதல் வாரம் கடுமையான முணுமுணுப்பு. இரண்டு பெற்றோர் வந்து இடம் மாற்றித் தருமாறு கேட்டார்கள். காரணத்தை எழுதித் தாருங்கள் என்றேன், எழுதித் தரவில்லை.

பழைய மணியடி ஐயாவிடம் ஒரு கேள்வி மட்டும் மிச்சம் இருக்கிறது. பெயர் எழுதும் வேலை போனதிலிருந்து எங்கள் வகுப்புத் தலைவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறான். இப்போது வகுப்பில் அதிகம் பேசுகிறவனும் அவன்தான். அவனுக்கு வேறு என்ன வேலை தரலாம்?